மூன்று தேர்தல்களின் சுவரொட்டிகள் என் மதிலில்: இதற்கு யார் பொறுப்பு?

ஊறணிவாசி
2025 மே 10, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து நான்கு நாட்களாகிவிட்டன. இன்று காலை ஒரு வாளித் தண்ணீரும் பழைய கொத்துக்கரண்டி ஒன்றும் எடுத்துக்கொண்டு என் வீட்டு முன்மதிலைச் சுரண்டத் தொடங்கினேன். மட்டக்களப்பு நகரில், திருகோணமலை வீதியைப் பார்த்திருக்கும் மதில் அது. சென்ற ஆண்டு ஆவணியில் மகளின் திருமணத்துக்காக அதற்கு வெள்ளை நிறம் பூசியிருந்தேன். மேலே இருந்தது இம்மாதம் 6 ஆம் திகதித் தேர்தலில் நின்ற வட்டார வேட்பாளர் ஒருவருடைய படம். அதை நனைத்து உரித்தபோது, கடந்த நவம்பர் 14 ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு இலக்கம் ஒன்று, அதாவது கட்சிப் பட்டியலில் ஒரு வேட்பாளருக்குரிய எண், பெரிய சிவப்பு எழுத்தில் வெளியே வந்தது. அதற்கும் கீழே, பசை கல்லாக இறுகிப்போய், செப்டெம்பர் 21 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலின் தாள் இருந்தது. அந்தக் கடைசித் தாளை நெம்பியபோது அதனுடன் சேர்ந்து கல்யாணத்துக்குப் பூசிய நிறமும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது.

எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல்கள் வந்தன. மூன்றிலும் என்னிடம் வாக்குக் கேட்டார்கள். மதிலைக் கேட்டவர் ஒருவருமில்லை.

ஜனாதிபதித் தேர்தலுக்கென 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும், பாராளுமன்றத் தேர்தலுக்கென அதே ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. வேட்புமனு நாளிலிருந்து வாக்கெடுப்புக்கு மறுநாள் வரை வேட்பாளரின் படம், சின்னம், கொடி, பதாகை எதையும் கண்ட இடங்களில் காட்சிப்படுத்தக்கூடாது என்று அவை தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் நவம்பரில் என் மதிலில் ஒட்டியபோது நான் தொலைபேசியில் முறைப்பாடு செய்தேன். அதிகாரிகள் வந்தார்கள், சந்தியில் கட்டியிருந்த பதாகையை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள், அன்றிரவே என் மதிலில் இன்னும் ஆறு தாள்கள் ஏறின. சட்டம் காட்டும் காலம் வாக்கெடுப்புக்கு மறுநாளோடு முடிகிறது. அதற்குப் பிறகு மதிலைச் சுரண்டுவது வீட்டுக்காரனின் வேலையாகிவிடுகிறது.

அரசியல் விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேட்பாளர் யார் என்று தெரியாமல் எப்படி வாக்களிப்பது? எனக்குச் சொந்தமானதை என்னிடம் கேளாமல் எடுத்துக்கொண்டு, அதே கையால் என்னைக் கும்பிட்டு வாக்குக் கேட்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள மற்றவர்களின் அனுபவம் எப்படி? எதையாவது செய்ய முடியுமா?


பட்டிருப்பு ஆசிரியை
2025 மே 10, இரவு 9.25

ஐயா, உங்களுக்கு மதில் போனது. எங்களுக்குக் காது போனது. நான் ஐந்தாம் ஆண்டுக்குக் கற்பிப்பவள். சென்ற ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை செப்டெம்பர் 15 ஆம் திகதி நடந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக ஆறு நாட்கள் முன்னர். பிள்ளைகள் அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பரீட்சைக்கு முன்னான நாட்களில் மேலதிக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும்கூடப் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்கிறது. நாங்கள் அதை மதித்து வகுப்புகளை நிறுத்தினோம். ஆனால் பட்டா எனப்படும் சிறு சுமை வண்டியில் நான்கு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு வந்தவர்களை நிறுத்துவதற்கு ஒருவரும் இருக்கவில்லை. ஒரு வண்டி போய் அதன் ஓசை அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். என் வகுப்பில் ஒரு சிறுமி, வினாத்தாளைச் செய்துகொண்டிருந்தவள், பென்சிலை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு வினாவை உதட்டசைவில் மீண்டும் மீண்டும் படித்ததை நான் கண்டேன். நவம்பரிலும் இதே கதைதான். தேர்தல் 14 ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை 25 ஆம் திகதி.

இன்னொன்றையும் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்லவேண்டும். கொழும்பில் தயாராகி இங்கு வரும் விளம்பரங்களின் தமிழைப் பார்த்தீர்களா? ஒற்று இல்லை, வேற்றுமை உருபு இல்லை, பெயரெச்சம் ஒருபக்கமும் பெயர் இன்னொரு பக்கமும் கிடக்கின்றன. சிங்களத்தில் எழுதியதை யாரோ அவசரத்தில் பெயர்த்திருக்கிறார்கள், பெயர்த்ததை யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. ஒரு துண்டுப்பிரசுரத்தில் பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். எங்களுடைய மொழியில் ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் எழுதுவதற்கு ஒரு தமிழரை இருத்தி வேலை வாங்கத் தோன்றாதவர்கள், அரசகரும மொழிக் கொள்கையை நடைமுறைப்படுத்துவோம் என்று அதே பக்கத்தில் வாக்குறுதி தருகிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது.


கோட்டமுனை அச்சுக்காரன்
2025 மே 10, இரவு 11.10

முப்பது வருடமாக அச்சுத் தொழிலில் இருப்பவன் நான். இந்தச் சுவரொட்டிகளில் சிலவற்றை என் இயந்திரமே அடித்திருக்கக்கூடும் என்பதால் மறைக்காமல் பேசுகிறேன்.

ஊறணி ஐயா மூன்று தாள்களைக் கண்டிருக்கிறார். அவற்றில் நடுவில் இருந்த நவம்பர்த் தாள்தான் எப்போதும் அதிகமாக ஒட்டப்படும். காரணம் விருப்பு வாக்கு. 1989 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலிலிருந்து கட்சிக்கு ஒரு வாக்கும், அந்தக் கட்சியின் பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஆசனங்கள் 5. ஆனால் ஒரு பட்டியலில் 8 பேர் நிற்பார்கள். அம்பாறையில், அதாவது திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில், 7 ஆசனங்களுக்கு 10 பேர். ஒரு கட்சிக்கு ஒன்றோ இரண்டோ ஆசனங்கள்தான் கிடைக்கும் என்றால், ஒரே சின்னத்தில் நிற்கும் எட்டுப் பேருக்கும் உண்மையான எதிரி அடுத்த கட்சிக்காரன் அல்ல, அதே பட்டியலில் இருக்கும் மற்ற ஏழு பேர்தான். ஆகவே கட்சி செய்யும் விளம்பரம் போதாது. ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைத் தனியாக மக்கள் மனதில் பதிக்கவேண்டும். பசை வாளியுடன் இரவில் புறப்படும் பையன்களுக்குச் சொல்லப்படும் முதல் வார்த்தை, ‘எங்கட கட்சியின் மற்ற நம்பரை மூடு’ என்பதுதான். இதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரே கட்சிக்காரர் இருவரின் ஆட்கள் சுவருக்காக அடிபட்டு, மறுநாள் இருவரும் ஒரே மேடையில் மாலையோடு நின்ற காட்சியையும் கண்டிருக்கிறேன்.

தொழில் விடயம் ஒன்று சொல்கிறேன், அது பயன்படும். தேர்தல் சுவரொட்டியாயினும் துண்டுப்பிரசுரமாயினும் அதை அச்சிட்டவரின் பெயரும் முகவரியும், வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கவேண்டும் என்று தேர்தல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தாளின் அடியில், ஓரத்தோடு ஓரமாக, எறும்பளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும். முறையான அச்சகம் அதைப் போடாமல் அடிக்காது. அந்த வரியை வெட்டிவிட்டு அடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் வருகிறார்கள். நான் மறுத்தால் வேறிடம் போய்விடுவார்கள். இப்போது வரும் ஃபிளெக்ஸ் பதாகைகள் பலவற்றில் அந்த வரியைக் காணவே முடிவதில்லை. ஐயா, சுரண்டுவதற்கு முன் தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

எங்களுடைய கண்ணீரும் கொஞ்சம் உண்டு. தேர்தல் வேலைக்குக் கடன் கொடுக்காதே என்பது இந்தத் தொழிலில் மூத்தவர்கள் சொல்லித் தந்த பாடம். அதை மீறி 2020 இல் ஒருவருக்குப் பாதிப் பணத்துக்கு வேலை செய்து கொடுத்தேன். அவர் தோற்றார், தாள் வாங்கிய கடனை நான்தான் இரண்டு வருடம் கட்டினேன். வென்றிருந்தால் மட்டும் தந்திருப்பாரா என்பதும் சந்தேகமே.


நெறியாளர்
2025 மே 11, காலை 6.50

விவாதம் பயனுள்ளதாகச் செல்கிறது. கட்சிகளின் பெயரையோ வேட்பாளர்களின் பெயரையோ எவரும் குறிப்பிடவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.


தம்பிலுவில் மகள்
2025 மே 11, காலை 10.05

எல்லோரும் ஒரு பக்கத்திலிருந்தே பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்க விரும்புகிறேன். இம்முறை எங்கள் பிரதேச சபைக்கு என் சின்னம்மா போட்டியிட்டார். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத இடஒதுக்கீடு வந்த பிறகுதான் அவரைப் போன்றவர்களைக் கட்சிகள் தேடத் தொடங்கின. தேடினார்களே தவிர, செலவுக்கு ஒரு சதமும் தரவில்லை. தொலைக்காட்சியில் அரை நிமிடம் வாங்கும் பணத்தை எங்கள் குடும்பம் பத்து வருடத்திலும் சேர்க்காது. எங்களிடம் இருந்தது ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமும், தையல் கடையில் அவர் இருக்கும் ஒரு படமும்தான். சின்னம்மாவும் நானும் இரண்டு அயலவரும் வட்டாரத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே போனோம்.

சுவரொட்டியும் ஒட்டினோம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டே ஒட்டினோம். நான்கு வீட்டுக்காரர் சம்மதித்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள், நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். ஒட்டிய நான்கிலும் இரண்டு நாளுக்குள் சின்னம்மாவின் முகத்தில் மட்டும் சாணி அடித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆண்களின் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவர் அழவில்லை, ஒரு வாளித் தண்ணீருடன் போய்க் கழுவினார். நான்தான் அழுதேன்.

வீட்டுக்காரர் சம்மதித்தாலும் அது சட்டப்படி பிழைதான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஆகவே ஊறணி ஐயா சொல்லும் சட்டத்தை இறுக்கமாக நடைமுறைப்படுத்தினால் முதலில் அகப்படுவோர் எங்களைப் போன்றவர்களே. வானொலியும் தொலைக்காட்சியும் முகநூலும் வாங்கக்கூடியவர்கள் அப்படியே இருப்பார்கள், சுவரும் தாளும் மட்டுமே வசப்பட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். இதற்கு என்ன பதில்?


ஊறணிவாசி
2025 மே 11, மதியம் 12.30

மகள், உங்கள் சின்னம்மா என் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் நானே மதிலில் ஓரிடம் காட்டியிருப்பேன். நீங்கள் கேட்ட கேள்வி சரியானது. நான் அதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை. யப்பானில் தேர்தல் அறிவித்ததும் உள்ளூர் நிர்வாகமே தெருவோரங்களில் பெரிய பலகைகளை நட்டு, கட்டம் போட்டு, இலக்கமிட்டு, ஒரு வேட்பாளருக்கு ஒரு கட்டம் எனக் கொடுத்துவிடுகிறது. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே அளவு இடம். காந்திப் பூங்காவின் முன்பும், ஒவ்வொரு பொதுச் சந்தையிலும், பேருந்துத் தரிப்பிடத்திலும் அப்படியொரு பலகை இருந்தால் ஒருவருடைய மதிலும் பறிபோகாது, உங்கள் சின்னம்மாவின் முகமும் ஊர் பார்க்கும் இடத்தில் காவலோடு இருக்கும்.


கல்லடி இளைஞன்
2025 மே 11, மாலை 5.45

சுவரொட்டியாவது கண்ணுக்குத் தெரிகிறது. என் கவலை தெரியாத விளம்பரங்களைப் பற்றியது.

நவம்பரில் பிரசாரம் 11 ஆம் திகதி நள்ளிரவோடு முடிந்தது. அதிலிருந்து வாக்களிப்பு வரை மௌன காலம். ஒலிபெருக்கி வண்டிகள் அடங்கிவிட்டன, மேடைகளைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் 12 ஆம் திகதி காலை தேநீர் குடித்துக்கொண்டே கைத்தொலைபேசியைத் திறந்தபோது, முகநூலில் முதல் ஐந்து பதிவுகளில் இரண்டு, பணம் கொடுத்துப் பரப்பிய வேட்பாளர் விளம்பரங்கள். ஒன்றை மறைத்தால் வேறொரு பக்கத்தின் பெயரில் அதே காணொளி வந்தது. அந்தப் பக்கங்களின் பெயர்கள் கட்சிகளின் பெயர்கள் அல்ல. ஊர்ப் பெயரோடு ‘செய்திகள்’ என்றோ ‘இளைஞர் குரல்’ என்றோ இருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இலங்கையைத் தெரிவுசெய்து ஒரு பக்கத்தின் பெயரை இட்டுத் தேடினால், அரசியல் விளம்பரமாக அறிவிக்கப்பட்ட ஒவ்வொன்றும் எப்போது ஓடியது, பணம் கொடுத்தவராக யார் காட்டப்பட்டிருக்கிறார், ஏறத்தாழ எவ்வளவு செலவானது, எந்த வயதினரிடம், எந்த மாகாணத்தில் காட்டப்பட்டது என்பதெல்லாம் வரும். அரசியல் என்று அறிவிக்காமலே ஓடவிட்ட விளம்பரங்கள்தான் அதில் தப்பிவிடுகின்றன.

குறுஞ்செய்தியும் அப்படியே. என் அம்மாவின் கைத்தொலைபேசிக்கு அவருடைய பெயரை விளித்து ஒரு வேட்பாளரின் செய்தி வந்தது. அம்மா அந்த இலக்கத்தைக் கொடுத்திருப்பது வங்கிக்கும், வைத்தியசாலைக்கும், சீட்டுப் பிடிக்கும் அயலவருக்கும்தான். யார் கொடுத்தார்கள் என்று அவர் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஆம் ஆண்டிலேயே, 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிவிட்டது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.


சாய்ந்தமருதூரான்
2025 மே 11, இரவு 8.15

மதில், ஒலி, குறுஞ்செய்தி எல்லாம் தொல்லைதான். சுரண்டினால் போய்விடும், வண்டி கடந்தால் அடங்கிவிடும். எங்களுடைய கல்முனைத் தொகுதியில் சுரண்ட முடியாத ஒன்றை ஒவ்வொரு தேர்தலிலும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

நான் தமிழர் வாழும் பாண்டிருப்பிலும் முஸ்லிம்கள் வாழும் சாய்ந்தமருதிலும் மாறி மாறி வேலை செய்யும் மின்னிணைப்பாளன். இரு ஊர்களிலும் வட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். தேர்தல் காலத்தில் ஒரே வாரத்தில், தமிழ்க் குழுவில் ‘அவர்கள் உங்கள் செயலகத்தையும் காணியையும் பறிக்கப்போகிறார்கள், எங்களுக்கு வாக்களியுங்கள்’ என்று ஒரு படம் வரும். முஸ்லிம் குழுவில் ‘அவர்கள் உங்கள் நகரத்தைப் பிரிக்கப்போகிறார்கள், எங்களுக்கு வாக்களியுங்கள்’ என்று இன்னொரு படம் வரும். எழுத்துரு ஒன்றே, பின்னணி நிறம் ஒன்றே. ஒருவரே வடிவமைத்திருப்பாரோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. உப செயலகமாக இயங்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை, தமிழர் கேட்பதுபோல முழுமையாகத் தரமுயர்த்தும் விடயம் எத்தனை தேர்தல்களாகப் பேசப்படுகிறது என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2019 ஆம் ஆண்டில் அதற்காக உண்ணாவிரதமே இருந்தார்கள். உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டிய ஒரு நிர்வாகப் பிரச்சினை அது. விளம்பரக்காரர்களுக்கோ அது தீராமல் இருப்பதே வசதி.

தேர்தல் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனபோது, பதினைந்து வருடமாகப் பழகிய ஒரு வீட்டில் அந்தத் தாய் வழக்கம்போலத் தேநீர் தந்தார். ஆனால் வழக்கம்போலப் பேசவில்லை. அவருடைய கைத்தொலைபேசியிலும் அந்தப் படம் வந்திருக்கும். பிறகு ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு மாதத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது யார்?


படுவான்கரை விவசாயி
2025 மே 12, காலை 5.40

நான் அதிகம் எழுதுவதில்லை. வீதியோரம் கட்டும் சின்னச் சின்ன பொலித்தீன் கொடிகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. மாரிக் காற்றில் அவை அறுந்து வயலுக்கும் மேய்ச்சல் தரைக்கும் வருகின்றன. கடந்த கார்த்திகை கடைசியில் என் கன்று ஒன்று மூன்று நாள் தீனெடுக்காமல் கிடந்து செத்தது. மிருக வைத்தியர் வயிற்றைத் திறந்து காட்டினார். கைப்பந்து அளவு பொலித்தீன் திரணை. அதிலே கொடி கட்டிய நூல் சுற்றியிருந்தது, துண்டில் நிறம்கூடப் போகவில்லை. எந்த நிறம் என்று நான் சொல்லப்போவதில்லை. அரசியல் நிகழ்வுகளுக்குப் பொலித்தீன் அலங்காரம் செய்யக்கூடாது என்று 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதியிலிருந்து தடை இருக்கிறது என்று வைத்தியர்தான் சொன்னார்.


பட்டிருப்பு ஆசிரியை
2025 மே 12, காலை 7.30

அண்ணன், படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. கன்றின் விலையை யாரும் எந்தச் செலவுக் கணக்கிலும் எழுதியிருக்கமாட்டார்கள்.

அச்சகத்து ஐயாவிடம் ஒரு கேள்வி. பெயர் வரி இல்லாத தாளை அடிக்க நீங்கள் மறுத்ததாகச் சொன்னீர்கள், அது நல்லது. அப்படி அடிக்கும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்தும் ஏன் சொல்லாமல் இருக்கிறீர்கள்?


கோட்டமுனை அச்சுக்காரன்
2025 மே 12, இரவு 9.50

டீச்சர், நியாயமான கேள்வி. சிறிய ஊர், ஒருவருக்கொருவர் தாளும் மையும் கைமாற்றிப் பிழைக்கும் தொழில். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரோடு இங்கே கடை நடத்த முடியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் செலவுக் கணக்கு என்ற சொல்லில் ஒரு வழி தெரிகிறது.

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று தேர்தல்கள் ஆணைக்குழு நிர்ணயித்தது. நாடு முழுவதும் ஒரு கோடியே 71 இலட்சம் வாக்காளர். பெருக்கிப் பார்த்தால் ஒரு வேட்பாளர் ஏறத்தாழ 186 கோடி ரூபா வரை செலவிடலாம். போட்டியில் இருந்தவர்கள் 38 பேர். எல்லை அவ்வளவு உயரத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு நல்ல பகுதி உண்டு. முடிவு வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள் வரவு செலவு விபரத்தை ஒப்படைக்கவேண்டும். நன்கொடை தந்தவர், செலவான தொகை எல்லாம் அதில் வரவேண்டும். நவம்பர்த் தேர்தலின் கணக்குகளுக்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது நடந்த தேர்தலின் கணக்குகள் இம்மாத இறுதிக்குள் வரவேண்டும்.

கணக்கில் சுவரொட்டி எத்தனை என்று எழுதியிருக்கிறார்கள்? தெருவில் எத்தனை இருந்தது? ஒரு வீதியில் ஒட்டிய தாள்களை எண்ணிச் சொன்னால், அதன் அளவையும் நிறத்தையும் வைத்து அச்சுக்கூலி எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். அதற்கு நான் யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.


தம்பிலுவில் மகள்
2025 மே 13, காலை 9.20

எங்கள் கணக்கை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, பசைக்கு வாங்கிய கோதுமை மா, முச்சக்கரவண்டிக் கூலி எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டன. சட்டப்படி பிழையான நான்கு சுவரொட்டிகளையும் மறைக்காமல் எழுதச் சொன்னார் சின்னம்மா. அவர் தோற்றுவிட்டார், 61 வாக்குகளால். வென்றவரின் கணக்கையும் பார்க்க முடியுமென்றால் நான் கட்டாயம் பார்ப்பேன்.


கல்லடி இளைஞன்
2025 மே 13, மாலை 6.10

பார்க்கலாம் தங்கை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்கவேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. முகநூல் பக்கங்களின் செலவை விளம்பர நூலகத்திலிருந்து நான் எடுத்துத் தருகிறேன். ஒலிபெருக்கி வண்டிகளை டீச்சரின் மாணவர்களின் பெற்றோர் நாள்வாரியாகக் குறித்திருந்தால் அதையும் சேர்க்கலாம்.


சாய்ந்தமருதூரான்
2025 மே 13, இரவு 8.00

இரு குழுக்களிலும் வந்த படங்களை நான் அழிக்கவில்லை, திகதியோடு இருக்கின்றன. யாருடைய கணக்கிலும் அவை வரப்போவதில்லை என்றாலும், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து இரு ஊர்களிலும் காட்ட எனக்கு ஆசை இருக்கிறது. பாண்டிருப்பில் ஒரு நண்பரும் சம்மதித்திருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும் அடுத்த வாரம் பேசுகிறோம்.


ஊறணிவாசி
2025 மே 14, இரவு 9.15

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். அச்சகத்து ஐயா சொன்னபடி, மீதிச் சுவரைச் சுரண்டாமல் முதலில் ஒவ்வொரு தாளின் அடிப்பகுதியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். செப்டெம்பர்த் தாளில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் தெளிவாக இருந்தன. மேலே இருந்த மே மாதத் தாளிலும் இருந்தது. சிவப்பு இலக்கம் போட்ட நவம்பர்த் தாளில் அந்த வரி இருக்கவேண்டிய இடத்தில் தாள் நேராக வெட்டப்பட்டிருந்தது. என் மதிலில் அவை ஒன்பது. ஊறணிச் சந்தியிலிருந்து பேருந்துத் தரிப்பிடம் வரை பேரனோடு நடந்து எண்ணியதில், கிழிந்தவையும் சேர்த்து இன்னும் எழுபத்து மூன்று கண்ணில் பட்டன. அளவெடுத்து, அளவுகோலை அருகில் வைத்துப் படமும் எடுத்தோம்.

அந்த இலக்கத்துக்குரியவரின் செலவு விபரத்தின் பிரதியைக் கேட்டு இன்று விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். வாங்கிய அலுவலர் மரியாதையாக நடந்துகொண்டார். என்ன காரணத்துக்காக என்று கேட்டவர், சொல்லத் தேவையில்லை என்று தானே சேர்த்துச் சொன்னார். ஒப்புகைச் சீட்டு என் மேசை லாச்சியில் இருக்கிறது.

அடுத்து மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் வரட்டும். கிழக்கில் கடைசியாக அது நடந்தது 2012 செப்டெம்பரில். 2017 இல் சபை கலைந்த பிறகு இன்றுவரை நடக்கவில்லை. பொதுப் பலகைகள் வேண்டும் என்றும், பரீட்சை வாரத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்றும், பொலித்தீன் கொடிக்கு இருக்கும் தடையை நடைமுறைப்படுத்தவேண்டும் என்றும் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். டீச்சர் தமிழைத் திருத்தித் தரவேண்டும். படுவான்கரைத் தம்பி, கன்றைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் சேர்க்க அனுமதி தருவீர்களா?

மதிலைச் சனிக்கிழமை கழுவுகிறோம். நவம்பர்த் தாளில் ஒன்றை மட்டும் வீட்டுக்காரி நனைத்து, கிழியாமல் உரித்து, வெயிலில் காயவைத்து மடித்து எடுத்து வைத்திருக்கிறாள்; பதில் வரும்போது அளவு பார்க்கத் தேவைப்படும்.